தன் பேப்பரைத் தானே திருத்திய மகான்கள்

ஆராய்ச்சிக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஜீவன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் வாரம் மணிக்கொரு தரம் மெயில் பார்ப்பார்கள். மூன்றாவது மாதம் ஸ்பேம் ஃபோல்டரில் தேடுவார்கள். ஆறாவது மாதம் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டுரையைப் படித்து மதிப்பிடும் புரொஃபசருக்கு அதற்காக நயா பைசா கிடையாது. எடிட்டர் கெஞ்ச வேண்டும், ஞாபகப்படுத்த வேண்டும், மறுபடி கெஞ்ச வேண்டும். ரிவ்யூ வரும்போதுதான் வரும்.

ஆனால் ஓர் எடிட்டருக்கு மட்டும் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பெயர் கிளாடியு சுபுரான். மருந்து வேதியியல் ஜர்னல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். தென்கொரியாவின் புசான் நகரத்தில் மூலிகை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹியுங்-இன் மூன் என்பவர் அனுப்பும் கட்டுரைகளுக்கு மட்டும் ரிவ்யூ பறந்து வந்தது. பல சமயம் 24 மணி நேரத்துக்குள்! பீட்ஸா டெலிவரிக்காரர்கள் வெட்கப்படும் வேகம். சுபுரான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அனுபவஸ்தர் ஆனதால் சந்தேகப்பட்டார்.

2012-ல் மூனைக் கூப்பிட்டுக் கேட்டார். மனுஷன் மென்று விழுங்கவில்லை, மழுப்பவில்லை. "ஆமாம் சார், அதில் நிறைய நானே எழுதியதுதான்" என்கிற ரீதியில் உடனே ஒப்புக்கொண்டார். பதிலும் அதே வேகம்தான்.

எப்படிச் செய்தார்? மந்திரம் ஒன்றுமில்லை. ஜர்னலே கேட்கிறது: உங்கள் கட்டுரையை மதிப்பிடத் தகுதியானவர்கள் யார், அவர்கள் இமெயில் என்ன? கேட்டதைக் கொடுத்தார். சில இடங்களில் நிஜ விஞ்ஞானியின் பெயர், பொய் இமெயில். சில இடங்களில் பெயரும் பொய். அத்தனை பொய் முகவரிகளும் மூனிடமோ அவருடைய கூட்டாளிகளிடமோ போய் நின்றன. முடிவில் சுபுரானின் ஜர்னலை வெளியிட்ட பதிப்பகத்தின் பல ஜர்னல்களில் 28 கட்டுரைகள் வாபஸ். ஓர் எடிட்டர் ராஜினாமா.

இதில் நான் சொக்கிப்போன இடம் ஒன்று உண்டு. அந்த ரிவ்யூக்களில் வெறும் பாராட்டு மட்டும் இல்லை. கட்டுரையை எப்படி மேம்படுத்தலாம் என்று ஆலோசனைகளும் இருந்தன. யோசித்துப் பாருங்கள். தன் கட்டுரையில் தானே குறை கண்டுபிடிக்கிறார், மறுநாள் "மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளரின் கருத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்று பணிவாகத் திருத்தியும் அனுப்பியிருப்பார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பணிவு வரும்?

"கலி முத்திப் போச்சு" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். மூன் இந்தக் கலையில் எல்கேஜி. ஆதிகுரு 300 வருஷத்துக்கு முன்னாலேயே லண்டனில் உட்கார்ந்து, இதைவிடப் பிரம்மாண்டமாகச் செய்து முடித்துவிட்டார். அவரிடம் இமெயில் இல்லை. ஆனால் ஒரு ஜர்னலே இருந்தது. நம் பாடப்புத்தகத்தில் ஆப்பிள் மரத்தடியில் அப்பாவியாக உட்கார்ந்திருப்பாரே, அவரேதான்.

சர் ஐசக் நியூட்டன்.

விஷயம் கால்குலஸ். பிளஸ் டூவில் நம்மைக் குப்புறத் தள்ளிய அதே கால்குலஸ். 1665, 66 வாக்கில் பிளேக் வந்து கேம்பிரிட்ஜை இழுத்து மூடியபோது, சொந்த ஊருக்குப் போன நியூட்டன் இந்தக் கணித முறையைக் கண்டுபிடித்தார். வயது 23 சொச்சம். லாக்டவுனில் நாமெல்லாம் என்ன சாதித்தோம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டாம். மனசு கஷ்டப்படும்.

கண்டுபிடித்தவர் வெளியிட வேண்டாமா? மாட்டார். 1672-ல் ஒளியைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் ஜர்னலில் வந்தது. ராபர்ட் ஹூக் என்பவர் அதை நோண்டி நொங்கெடுத்தார். அன்றிலிருந்து நியூட்டனுக்கு அச்சு என்றாலே அலர்ஜி. ஒளியைப் பற்றிய தன் பெரிய புத்தகத்தை 1704-ல்தான் வெளியிட்டார். ஹூக் 1703-ல் காலமாகியிருந்தார். ரெஃப்ரீ சாகும்வரை காத்திருந்து புத்தகம் போட்ட பொறுமைசாலி!

இந்தப் பக்கம் ஜெர்மனியில் லைப்னிட்ஸ். வக்கீல், தத்துவவாதி, ராஜதந்திரி, நூலகர், கணக்குப் புலி. எதை எடுத்தாலும் பாதி செய்துவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிற ஜாதி மேதை. 1675-ல் தன் வழியில் யோசித்து அதே கால்குலஸுக்கு வந்து சேர்ந்தார். 1684-ல் லைப்சிக் நகரத்து ஜர்னலில் ஆறே பக்கத்தில் வெளியிட்டும்விட்டார். அச்சுப் பிழைகள் சகிதம்.

நடுவில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்தும் இருந்தது. போஸ்ட்மேன் வேலை பார்த்தவர் ஹென்றி ஓல்டன்பர்க். ராயல் சொசைட்டியின் செயலாளர், 1665-ல் அந்த ஜர்னலைத் தொடங்கிய எடிட்டர். பாவப்பட்ட மனிதர். வெளிநாட்டுக் கடிதங்கள் ஏகமாக வருகின்றனவே, உளவாளியோ என்று சந்தேகப்பட்டு 1667-ல் அவரைப் பிடித்து லண்டன் டவர் சிறையில் போட்டுவிட்டார்கள். எடிட்டர் உத்தியோகம் ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு லட்சணம்.

1676-ல் நியூட்டன் ஓல்டன்பர்க் மூலமாக லைப்னிட்ஸுக்கு நீண்ட கடிதம் எழுதினார். "என்னிடம் ஒரு முறை இருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன்" என்பது சாரம். சொல்லாமல் விட்டால் நாளைக்கு வேறு யாராவது உரிமை கொண்டாடுவார்களே? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். தன் முறையை லத்தீனில் ஒரு வாக்கியமாக எழுதி, அதிலுள்ள எழுத்துகளை மட்டும் எண்ணி அனுப்பினார். ஏ ஆறு, சி இரண்டு, டி ஒன்று, இ பதின்மூன்று என்று பலசரக்குக் கடை சீட்டு மாதிரி போகும். இதைப் பார்த்து லைப்னிட்ஸ் கால்குலஸைத் திருடினார் என்றால், அவருக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது, நோபல் பரிசு கொடுக்க வேண்டும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே 1676-ல் லண்டன் வந்த லைப்னிட்ஸ், நியூட்டனின் பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைப் பார்த்துக் குறிப்பும் எடுத்துக்கொண்டார். அதில் தொடர்களைப் பற்றிய பகுதியைத்தான் எழுதிக்கொண்டார். கால்குலஸ் அதற்கு முன்பே அவர் கையில் இருந்தது. ஆனாலும், "பார்த்தேன்" என்று பின்னாளில் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சந்தேகத்துக்கு அது போதாதா?

முதலில் எல்லாம் சுமுகமாகத்தான் இருந்தது. 1687-ல் வெளியான தன் பிரின்சிபியா புத்தகத்திலேயே, லைப்னிட்ஸும் இதேபோன்ற முறையைக் கண்டுபிடித்ததாக எனக்கு எழுதினார் என்று நியூட்டன் பெருந்தன்மையாகக் குறிப்பிட்டார். 1726-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்த இடத்தில் லைப்னிட்ஸ் பெயரைக் காணோம். லைப்னிட்ஸ் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பெருந்தன்மைக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு போல.

சண்டை முற்றிய கதைக்கு வருவோம். 1705-ல் லைப்சிக் ஜர்னலில் நியூட்டனின் கணித நூலுக்கு ஒரு மதிப்புரை வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. நியூட்டன் லைப்னிட்ஸின் முறையை எடுத்து வேறு சட்டை மாட்டிவிட்டார் என்கிற தொனியில் விஷமமாக ஒரு வரி இருந்தது. எழுதியது யார் என்கிறீர்கள்? லைப்னிட்ஸ்தான். கேட்டபோது நானில்லை என்றார். அனானிமஸ் அக்கவுண்ட் ஆரம்பித்தது ட்விட்டர்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நியூட்டன் தரப்பில் ஜான் கீல் என்பவர் களத்தில் குதித்தார். லைப்னிட்ஸ் பெயரையும் குறியீட்டையும் மாற்றி நியூட்டனுடையதை வெளியிட்டுவிட்டார் என்று ராயல் சொசைட்டி ஜர்னலிலேயே பட்டவர்த்தனமாக எழுதினார். சுத்தமான திருட்டுக் குற்றச்சாட்டு.

இப்போது லைப்னிட்ஸ் செய்ததுதான் இன்றைக்கும் எல்லாரும் செய்கிற, முறையான காரியம். அவரும் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1711-ல் செயலாளர் ஹான்ஸ் ஸ்லோனுக்குப் புகார்க் கடிதம் போட்டார். உங்கள் ஜர்னலில் என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறார்கள், எழுதியவரைத் திருத்தச் சொல்லுங்கள். நடுநிலையாக விசாரிப்பார்கள் என்று நம்பினார். ராயல் சொசைட்டிக்கு அப்போது தலைவர் யார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. 1703-லிருந்து தலைவர் நாற்காலியில் இருந்தவர்: சர் ஐசக் நியூட்டன். இருந்தும் நம்பினார். மேதைகளின் அப்பாவித்தனத்துக்கு ஓர் அளவே கிடையாது.

1712 மார்ச் 6. விசாரணைக் கமிட்டி அமைக்கப்பட்டது. வால்நட்சத்திரப் புகழ் ஹாலி இருந்தார். பை என்ற குறியை வட்டத்துக்கு முதன்முதலில் போட்ட வில்லியம் ஜோன்ஸ் இருந்தார். ராணியின் டாக்டரும் நையாண்டி எழுத்தாளருமான ஆர்பத்நாட் இருந்தார். எல்லாம் பெரிய தலைகள். எல்லாம் நியூட்டனின் ஆட்கள். பிறகு, பன்னாட்டுக் கமிட்டி என்று சொல்லிக்கொள்ள வேண்டாமா? பிரஷ்ய நாட்டுத் தூதரைச் சேர்த்தார்கள். பிரான்ஸிலிருந்து அகதியாக வந்திருந்த டி மாவ்ரையும் சேர்த்தார்கள். அவரையும் இன்னும் இருவரையும் சேர்த்த தேதி ஏப்ரல் 17. தீர்ப்பு வந்த தேதி ஏப்ரல் 24. ஒரே வாரத்தில் மலையளவு கடிதக் கட்டுகளைப் படித்து, புரிந்து, ஒருமித்த முடிவுக்கு வந்த அந்த மூவரின் வேகத்துக்கு முன்னால் கொரியக்காரர் எம்மாத்திரம்!

குற்றம் சாட்டப்பட்ட லைப்னிட்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. உங்கள் தரப்புக் காகிதம் ஏதாவது உண்டா? கேட்கவில்லை. மொத்தம் ஏழே வாரத்தில் அறிக்கை ரெடி. கண்டுபிடித்தவர் நியூட்டனே. கீல் எழுதியதில் லைப்னிட்ஸுக்கு எந்த அவமதிப்பும் இல்லை. சுபம்.

கமிட்டி எப்படி அவ்வளவு வேகமாக எழுதியது என்று வியக்கிறீர்களா? கமிட்டி எழுதவில்லை. பிற்காலத்தில் நியூட்டனின் காகிதங்களைக் குடைந்தவர்கள், அந்த அறிக்கையின் வரைவு அவர் கையெழுத்திலேயே இருப்பதைக் கண்டார்கள். ஆதாரங்களைப் பொறுக்கியதும் அவரே. அடிக்குறிப்பு போட்டதும் அவரே. கமிட்டி செய்தது தலையாட்டும் வேலை.

அந்த அறிக்கையும் கடிதங்களும் சேர்ந்து லத்தீனில் ஒரு புத்தகமாக வந்தன. செலவு ராயல் சொசைட்டி கணக்கில். கமிட்டி உறுப்பினர்கள் யார் யார் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. ஐரோப்பா முழுக்க அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். நியாயம் கிடைத்துவிட்டது, வேறு யாராவது இதோடு விட்டிருப்பார்கள். நியூட்டனுக்கு ஒரு குறை உறுத்திக்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல புத்தகத்துக்கு நல்லதாக ஒரு மதிப்புரை வரவில்லையே!

1715 ஜனவரி, பிப்ரவரி இதழ். ராயல் சொசைட்டி ஜர்னலைத் திறந்தால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்புரை. கொஞ்சநஞ்சமில்லை, 50 பக்கத்துக்கு மேல். மூன்று பக்கம் தவிர இதழ் முழுக்க அதுவேதான். எழுதியவர் பெயர் இல்லை. நியூட்டனைப் பற்றி "திரு நியூட்டன் அப்போதே கண்டுபிடித்திருந்தார்" என்று மூன்றாம் மனிதராகப் பேசுகிறது. எழுதியவர் யாரென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், எனக்கே தலை சுற்றுகிறது. வழக்கில் சம்பந்தப்பட்டவர் அவர். நீதிமன்றத்தின் தலைவர் அவர். தீர்ப்பை எழுதியவர் அவர். தீர்ப்பு பிரமாதம் என்று தீர்ப்புக்கு விமர்சனம் எழுதியவரும் அவர். இத்தனைக்கும் நடுவில், தன் வழக்கில் தானே சாட்சியாக நிற்க யாருக்கும் உரிமை கிடையாது என்றொரு வாதத்தையும் பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். அது லைப்னிட்ஸுக்குச் சொன்ன புத்திமதி! எழுதும்போது பேனா கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

இவர் அந்தச் சமயத்தில் அரசாங்க நாணயச் சாலையின் தலைவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கள்ள நாணயம் அடித்தவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தவர். சலோனர் என்ற கள்ள நாணயக்காரன் 1699-ல் தூக்கில் தொங்கியது இவர் விடாமல் சாட்சி சேர்த்ததால்தான். போலியை மோப்பம் பிடிப்பதில் மன்னன். தன் மேஜையில் இருந்த போலிக் கமிட்டி மட்டும் மூக்குக்கு எட்டவில்லை.

லைப்னிட்ஸ் சும்மா இருந்தாரா? 1713-ல் ஒரு துண்டுப் பிரசுரம் பறந்தது. எழுதியவர் பெயர் கிடையாது. அச்சகத்தின் பெயர் கிடையாது. ஊர் பெயரும் கிடையாது. அதில் "தலைசிறந்த கணித மேதை ஒருவர்" நியூட்டனுக்கு எதிராகச் சொன்ன கருத்து வேறு. பிரசுரத்தை எழுதியவர் லைப்னிட்ஸ். தலைசிறந்த மேதை அவருடைய நண்பர் யோஹான் பெர்னூலி. விஷயம் கசிந்ததும் பெர்னூலி நியூட்டனுக்கே எழுதினார்: சத்தியமாக அது நான் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தால், அந்தக் காலத்து ஐரோப்பாவின் நாலைந்து மகா மூளைகளும் முகமூடி போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்துகொண்டிருந்தன.

லைப்னிட்ஸின் கடைசிக் காலம் கொஞ்சம் சங்கடம்தான். அவருடைய எஜமானர் 1714-ல் இங்கிலாந்துக்கே மன்னராகப் போய்விட்டார். இவரையும் அழைத்துப் போயிருந்தால் லண்டனில் நியூட்டனை நேருக்கு நேர் பார்த்திருப்பார். கூட்டிப் போகவில்லை. காரணம், அரச குடும்பத்தின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று 1685-ல் ஒப்புக்கொண்டு, 30 வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தார். அதை முடித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். 1716-ல் அவர் கண்ணை மூடியபோது வரலாறு கி.பி. 1005 வரைதான் வந்திருந்தது. இன்னும் 700 வருஷம் பாக்கி. டெட்லைனைத் தவறவிட்ட எழுத்தாளர்களுக்கு இவர்தான் குலதெய்வம்.

கடைசியில் ஜெயித்தது யார்? இருவருமே தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், நியூட்டன் முதலில் கண்டார், லைப்னிட்ஸ் முதலில் வெளியிட்டார் என்பது இன்றைக்கு வரலாற்றாசிரியர்களின் கணக்கு. ஆனால் பிளஸ் டூ பையன் நோட்டில் போடுகிற அந்த நீட்டி வளைந்த தொகைக் குறி லைப்னிட்ஸுடையது. நியூட்டனின் புள்ளி வைக்கும் முறையைத் தேசபக்தியோடு கட்டிக்கொண்டு அழுத ஆங்கிலேயக் கணிதம், ஐரோப்பாவைவிடப் பின்தங்கிப் போனது. லைப்னிட்ஸின் குறியீட்டை இங்கே கொண்டுவரவேண்டும் என்று கேம்பிரிட்ஜிலேயே சார்லஸ் பேபேஜ் முதலான மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். வருஷம் 1812. தீர்ப்பு வந்து சரியாக 100 வருஷம். அப்பீல் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

அடுத்த மகானுக்கு இரண்டே பத்தி போதும். அவரும் சர் பட்டம் வாங்கியவர், அவரும் லண்டன்காரர். மனோதத்துவ நிபுணர் சர் சிரில் பர்ட். புள்ளிவிவர மனோதத்துவ ஜர்னல் ஒன்றுக்குப் பல வருஷம் எடிட்டர். பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் புத்திக்கூர்மையை ஒப்பிட்டார். 1955-ல் 21 ஜோடி. ஒப்புமை எண் 0.771. 1958-ல் முப்பதுக்கும் மேல், 0.771. 1966-ல் 53 ஜோடி, 0.771. ஜோடி எண்ணிக்கை மாறுகிறது, மூன்றாவது தசமப் புள்ளி வரை விடை மாறவில்லை!

1971-ல் பர்ட் இறந்தபோது, நினைவுக் கூட்டத்தில் பேசிய ஹெர்ன்ஷா என்பவரையே வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார் பர்ட்டின் சகோதரி. பக்தியோடு ஆரம்பித்தவர் காகிதங்களைப் புரட்டப் புரட்ட வெளிறிப்போனார். அந்த ஜர்னலில் மதிப்புரையும் கடிதமும் எழுதிய நாற்பதுக்கும் மேற்பட்ட "நபர்களில்" பாதிக்கும் மேல் அடையாளமே தெரியவில்லை. நடையைப் பார்த்தால் எல்லாம் பர்ட்டின் புனைபெயர்கள் என்று 1979-ல் எழுதினார். எண்களைப் பற்றி பர்ட்டுக்கு வக்காலத்து வாங்கிப் பின்னர் இரண்டு புத்தகங்கள் வந்தன. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கென்னவோ எண்களைவிட அந்தப் பட்டாளம்தான் மனசில் நிற்கிறது. ஒரு மனுஷன் கடைசிக் காலத்தில் தனியாக உட்கார்ந்து, தனக்குத் தானே ஒரு வாசகர் வட்டம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது டாக்டர்கள், கமிட்டிகள் எல்லாம் உஷார் என்று நினைத்தால் 1994-க்கு வாருங்கள். மறுபடியும் லண்டன். இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

மால்கம் பியர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு சாதனையை அறிவித்தார். கருக்குழாயில் தவறித் தங்கிவிட்ட கருவை எடுத்துக் கருப்பையில் வைத்தேன், பத்திரமாகக் குழந்தை பிறந்தது. உலகமே எதிர்பார்த்துக்கொண்டிருந்த விஷயம். பிரிட்டிஷ் மகப்பேறு ஜர்னலில் கட்டுரை வந்தது. அதே இதழில் 191 பெண்களை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வும் அவர் பெயரில். மருத்துவமனை விசாரித்தது. அப்படி ஒரு தாயும் இல்லை, சேயும் இல்லை, 191 பேரும் இல்லை. 1995-ல் டாக்டர்கள் பட்டியலிலிருந்து பியர்ஸின் பெயரை அடித்துவிட்டார்கள்.

கதை அதுவல்ல. பியர்ஸ் அந்த ஜர்னலின் உதவி எடிட்டர்களில் ஒருவர். கருமாற்றக் கட்டுரையில் இணை ஆசிரியராகப் பெயர் இருந்தது பேராசிரியர் ஜெஃப்ரி சேம்பர்லினுக்கு. அவர் பியர்ஸின் துறைத் தலைவர். அந்த ஜர்னலின் எடிட்டரும் அவரே. நாட்டின் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரிக்குத் தலைவரும் அவரே! நடக்காத ஆபரேஷனைப் பற்றி உதவி எடிட்டர் எழுதி, எடிட்டர் பெயரைச் சேர்த்து, எடிட்டருக்கே அனுப்பி, எடிட்டர் பிரசுரித்த அபூர்வ சம்பவம். கேட்டபோது, துறைத் தலைவர் பெயரை மரியாதைக்குப் போடுவது வழக்கம்தான் என்கிற ரீதியில் விளக்கம் வந்தது. கைடு பெயரை முதலில் போட்டே பழகிய நம் பிஎச்டி மாணவர்கள் இந்த இடத்தில் லேசாகச் செருமிக்கொள்ளலாம். சேம்பர்லின் இரண்டு பதவிகளையும் விட்டிறங்கினார். மனுஷர் மோசடிக்காரர் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், அவ்வளவுதான்.

மரியாதைக்குப் பெயர் போடுவதில் கௌரவமாக நடந்துகொண்ட ஒரே இணை ஆசிரியரை இங்கே வணங்கியாக வேண்டும். 1975-ல் அமெரிக்காவில் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக ஒரு கட்டுரை எழுதி முடித்தார். எழுதும்போது பழக்கதோஷத்தில் வரிக்கு வரி "நாங்கள்". ஒற்றை ஆள் "நாங்கள்" போட்டால் ஜர்னல் திருப்பி அனுப்பிவிடும் என்றார் நண்பர். டைப்ரைட்டர் காலம்; முழுக்க மறுபடி அடிக்க வேண்டும். சோம்பல்பட்ட ஹெதரிங்டன், தன் பூனையை இணை ஆசிரியர் ஆக்கினார். பெயர் எஃப்.டி.சி. வில்லார்ட். கட்டுரை வந்தது, நல்ல பெயரும் எடுத்தது. பிறகு விசேஷப் பிரதிகளில் பூனை பாதம் பதித்துக் கையெழுத்தும் போட்டது. அந்தப் பூனை விஞ்ஞானி கடைசிவரை "நான் கட்டுரையைப் படிக்கவே இல்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை.

பியர்ஸ் விவகாரம் முடிந்து சூடு ஆறுவதற்குள், 1997-ல் பிரிட்டனின் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் கூடி உட்கார்ந்து புலம்பினார்கள். இந்த மாதிரி கேஸ் வந்தால் என்னதான் செய்வது? அந்தப் புலம்பலில் பிறந்ததுதான் கோப் என்ற அமைப்பு. இன்றைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஜர்னல்கள் உறுப்பினர்கள். சந்தேகம் வந்தால் எடிட்டர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டுப் படங்களே வைத்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு எழுது. பதில் வந்ததா? ஆம் எனில் இந்தப் பக்கம் போ. வரவில்லையா? அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு எழுது. அங்கிருந்தும் பதில் இல்லையா? மறுபடி எழுது. ராயல் சொசைட்டியின் ஏழு வாரத் தீர்ப்பெல்லாம் இங்கே நடக்காது. ஒரு கேஸ் முடிவதற்குள் சில சமயம் ஆசிரியர் ரிட்டயர் ஆகிவிடுவார்.

திருட்டு ரிவ்யூவை எப்படி அடையாளம் காண்பது என்றும் அதே ஆட்கள் சொல்லித் தருகிறார்கள். ரிவ்யூ ஓவராகப் புகழ்கிறதா, கவனி. பல்கலைக்கழக முகவரி இல்லாமல் பொது இமெயிலிலிருந்து வருகிறதா, கவனி. மிகச் சீக்கிரம் வந்துவிட்டதா, உடனே கவனி. ஒருத்தர் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்னால் முடித்தால் போலீஸுக்குச் சொல்லத் தோன்றும் தொழில் உலகில் இது ஒன்றுதான்.

அந்த இரண்டாவது எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு தைவான் கதை உண்டு. 2013. அதிர்வுப் பொறியியல் ஜர்னல் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பிய ஒருவருக்குத் திடீரென்று இரண்டு பேர் மெயில் போட்டார்கள்: உங்கள் கட்டுரையை நாங்கள்தான் ரிவ்யூ செய்கிறோம். ரிவ்யூ செய்கிறவன் முகத்தைக் காட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அதிலும் இரண்டும் ஜிமெயில். ஆசிரியர் உஷாராகி எடிட்டருக்குத் தகவல் சொன்னார்.

பதிப்பகம் 14 மாதம் தோண்டியது. பீட்டர் சென் என்ற தைவான் ஆராய்ச்சியாளரைச் சுற்றி 130 இமெயில் முகவரிகள் கொண்ட ஒரு படையே இருந்தது. சில நிஜ விஞ்ஞானிகளின் பெயரில், மற்றவை கற்பனையில். ஒருவர் கட்டுரையை ஒருவர் பாராட்டி, ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டி, ஒரு கூட்டுக் குடும்பமாகவே வாழ்ந்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் ஒரு தடவையாவது சென், வேறு பெயரில் தன் கட்டுரையைத் தானே ரிவ்யூ செய்திருந்தார். 130 பாஸ்வேர்டுகளை மனுஷன் எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று தெரிந்தால், அதைப் பற்றி நேர்மையாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 2014 ஜூலையில் ஒரே நாளில் 60 கட்டுரைகள் வாபஸ். சென் அதற்கு முன்பே பல்கலைக்கழக வேலையை விட்டிருந்தார். ஜர்னலின் எடிட்டரும் ஒதுங்கிக்கொண்டார்.

இங்கேதான் கிளைமாக்ஸ். வாபஸான கட்டுரைகளில் சிலவற்றின் இணை ஆசிரியர் பட்டியலில் சியாங் வெய்-லிங் என்று ஒரு பெயர் இருந்தது. யாரென்று பார்த்தால், அப்போதைய தைவான் கல்வி அமைச்சர்! பத்திரிகைகள் சூழ்ந்துகொண்டன. பீட்டர் சென்னை எனக்குத் தெரியவே தெரியாது என்றார் அமைச்சர். அப்புறம் உங்கள் பெயர் எப்படி வந்தது? அமைச்சரிடம் முன்பு பிஎச்டி படித்த மாணவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஒரு இரட்டைச் சகோதரர். அவர்தான் பீட்டர் சென். தமிழ் சினிமாவில் இரட்டை வேடத்துக்குக் கதை தேடி அலையும் டைரக்டர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தான் எழுதாத கட்டுரைக்காக, தனக்குத் தெரியாத ஒருவரால், அமைச்சர் அதே ஜூலையில் ராஜினாமா செய்தார். அந்த ராஜினாமா கடிதத்தையாவது அவரேதான் எழுதியிருப்பார் என்று நம்புவோம்.